திறந்த ஜன்னலுக்கும் ஒரு மறைப்பு

ஜன்னல் வழியாக வெளிச்சம் வருகிறது, காற்று வருகிறது, தெருவில் போகிறவர்களின் பார்வையும் வருகிறது. முதல் இரண்டையும் இழக்காமல் மூன்றாவதை மட்டும் தடுப்பது எப்படி என்று வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது யோசிக்கிறார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்துக் கீழ்வேளூரில் இது அன்றாடப் பிரச்சினை. திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில், தஞ்சாவூரிலிருந்து கடற்கரைக்குப் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிற ஊர் அது. சாலையோர வீட்டு ஜன்னலுக்கு எதிரே பேருந்தும் லாரியும் நாள் முழுக்கப் போய்க்கொண்டிருக்கும். உள்தெருக்களில் எதிர்வீட்டு வாசலுக்கும் நம் வீட்டு ஜன்னலுக்கும் இடையே ஒரு வண்டி போகும் அகலம்தான். இதனால் பல வீடுகளில் பட்டப்பகலிலும் ஜன்னலைச் சாத்தி, கனத்த திரையை இழுத்துவிட்டு, டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மறைப்பு கிடைத்துவிடுகிறது. ஆனால் புழுக்கத்தையும் மின்கட்டணத்தையும் விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த விலை தேவையே இல்லை.

எது தெரியும், எது தெரியாது என்பது வெளிச்சத்தின் கணக்கு. இருட்டான பக்கத்தில் இருப்பவருக்கு வெளிச்சமான பக்கம் நன்றாகத் தெரியும். வெளிச்சத்தில் நிற்பவருக்கு இருட்டான பக்கம் தெரியாது. நேர்வெயில் படும் தெருவில் வெளிச்சத்தின் அளவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். மேகம் கவிந்த பகலில்கூடச் சுமார் 10,000 லக்ஸ் இருக்கும். அதே நேரத்தில் ஜன்னலிலிருந்து சில அடி தள்ளி, அறைக்குள் சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். இந்த வித்தியாசம் காரணமாகத்தான் உச்சிவெயிலில் தெருவில் நடப்பவருக்குத் திறந்த ஜன்னல் ஒரு கறுத்த சதுரமாகவே தெரிகிறது. அறையில் இருப்பவரோ தெருவில் போகிற ஒவ்வொரு முகத்தையும் அடையாளம் கண்டுகொள்கிறார். பொழுது சாய்ந்து விளக்கு போட்டதும் எல்லாம் தலைகீழாகிவிடும். அறையில் நூற்றைம்பது, இருநூறு லக்ஸ். தெருவிளக்கின் அடியில் பத்து, இருபது. இப்போது வெளியே நிற்பவருக்கு வீட்டின் உள்ளே நடப்பது திரைப்படம் மாதிரி தெரியும்.

கடையில் மறைப்புக்கென்று விற்கும் கொசுவலை, மெல்லிய திரை, கண்ணாடி போல மின்னும் பிலிம் எல்லாமே இந்த ஒரே விதியை நம்பியிருப்பவை. பகலில் வேலை செய்யும், இரவில் கைவிட்டுவிடும். 'உள்ளிருந்து மட்டும் தெரியும், வெளியிலிருந்து எப்போதும் தெரியாது' என்று ஒரு பொருளை விற்றால் அதை நம்ப வேண்டியதில்லை. எந்தக் கண்ணாடியும் இரண்டு பக்கமும் ஒரே அளவு ஒளியைத்தான் விடும். எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகம் என்பதைப் பொறுத்துத்தான் யார் யாரைப் பார்க்கிறார் என்பது அமையும்.

வெளிச்சத்துக்கு அடுத்தது கோணம். யார் பார்க்கிறார், அவர் கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பார்த்த பிறகே எதையும் வாங்க வேண்டும். தெருவிலிருந்து இரண்டடி உயரத்தில் தரை போட்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். ஜன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து மூன்றடி என்றால் தெருவிலிருந்து ஐந்தடி. நடுத்தர உயரமுள்ள ஒருவரின் கண்ணும் கிட்டத்தட்ட ஐந்தடியில்தான் இருக்கும். அப்படியானால் தெருவில் நடப்பவருக்கு அறையின் மேல்பாதியும் மச்சும்தான் தெரியும். காவிரிப் படுகையில் வெள்ளத்துக்குப் பயந்து தரையை உயர்த்திக் கட்டியவர்களுக்கு இந்த மறைப்பு இலவசமாகக் கிடைத்தது.

சிக்கல் பிறகு வந்தது. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே மறுபடி மறுபடி தார் போட்டதில் பல ஊர்களில் சாலை உயர்ந்து வீடு தாழ்ந்துவிட்டது. மேலே சொன்ன வீட்டின் முன் சாலை ஒன்றரை அடி உயர்ந்தால் ஜன்னலின் அடிமட்டம் தெருவிலிருந்து மூன்றரை அடிக்கு இறங்கிவிடும். ஜன்னலுக்கு ஆறடி தள்ளி நிற்பவரின் பார்வை இப்போது அடிமட்டத்தைத் தாண்டிக் கீழ்நோக்கி இறங்கும். அறைக்குள் ஆறடி தூரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் வரை அவருக்குத் தெரியும். கட்டிலில் படுத்திருப்பவர் அந்த உயரத்தில்தான் இருக்கிறார். முப்பது வருடமாகத் திரையே இல்லாமல் நிம்மதியாக இருந்த வீட்டுக்குத் திடீரென்று திரை தேவைப்படுவது இதனால்தான். பேருந்தில் உட்கார்ந்திருப்பவரின் கண் சாலையிலிருந்து ஏழடிக்கு மேல் இருக்கும் என்பதால் நெடுஞ்சாலையோர வீடுகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. மாடி வீட்டுக்காரர்களுக்கோ தெருவைப் பற்றிக் கவலை குறைவு. எதிர்மாடிதான் அவர்களுக்குப் பிரச்சினை.

பழைய டெல்டா வீடு இந்த இரண்டு கணக்கையும் கட்டுமானத்திலேயே தீர்த்துவைத்திருந்தது. இருபுறமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர். அதில் ஜன்னலே கிடையாது. வெளிச்சம் நடுவிலிருந்த முற்றத்தின் வழியே வானத்திலிருந்து நேராக இறங்கியது. சமையலறை போன்ற இருட்டு மூலைகளில் ஓட்டுக்கூரையில் ஒன்றிரண்டு கண்ணாடி ஓடுகளைப் பதித்தார்கள். எந்த மனிதப் பார்வையும் நுழைய முடியாத வழி அது. தெருப்பக்கம் திண்ணை, அதன்மேல் தாழ இறங்கிய கூரை. அந்தக் கூரையின் நிழலில் வாசல் சுவர் எப்போதும் இருட்டாக இருந்ததால், வெயிலில் நடப்பவருக்கு அதற்குப் பின்னாலிருந்த ஜன்னல் கண்ணுக்கே படாது. திண்ணையின் அகலம் பார்ப்பவரைச் சில அடி தள்ளியும் வைத்தது. திண்ணையை இடித்துவிட்டு அறையைத் தெருவிளிம்புவரை இழுத்துக் கட்டும்போது போவது வழிப்போக்கர் உட்காரும் இடம் மட்டுமில்லை. ஜன்னலுக்கான நிழலும் தூரமும் சேர்ந்தே போகின்றன.

அந்த வீடுகளின் ஜன்னல் தனியாகப் பேசப்பட வேண்டியது. ஒரே நிலைக்குள் மேலே இரண்டு கதவு, கீழே இரண்டு கதவு. ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனிக் கொண்டி. கீழ்க்கதவைச் சாத்தி மேல்கதவைத் திறந்துவைத்தால் தெருவில் நடப்பவருக்கு மச்சுதான் தெரியும். வானத்து வெளிச்சம் மேல்பாதி வழியாக அறையின் ஆழம்வரை வரும். ஜன்னலின் மேல்பாதி வழியே வரும் வெளிச்சம்தான் அறைக்குள் அதிகத் தூரம் போகும் என்பதால் கீழ்ப்பாதியை மூடியதில் பெரிய நஷ்டம் இல்லை. அறையில் மேலே சேரும் சூடான காற்றும் அந்த வழியாகவே வெளியேறும். தரையில் பாய் விரித்துப் படுக்கிற நேரத்தில் காற்று உடம்பில் பட வேண்டுமானால் கீழ்க்கதவை ஒரு விரற்கடை திறந்து கொக்கி மாட்டிக்கொள்ளலாம். நான்கு கதவையும் ஒவ்வொரு கோணத்தில் வைத்து, காலை வெயில், பிற்பகலில் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று, ஐப்பசி மழைச்சாரல், எதிர்வீட்டு விருந்தாளி என்று எல்லாவற்றுக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்ள முடிந்தது. இவ்வளவு வசதியுள்ள ஒரு பொருளைப் பழசு என்று கழற்றி மரக்கடையில் போடுவது வருத்தத்துக்குரியது.

அதன் இடத்தில் இன்று வருவது இரண்டு தடங்களில் நகரும் யூபிவிசி அல்லது அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல். கரையான் அரிக்காது, வண்ணம் பூச வேண்டாம், விலையும் தேக்கைவிடக் குறைவு. ஆனால் எப்படி நகர்த்தினாலும் பாதிதான் திறக்கும். திறக்கிற பாதியும் மேலிருந்து கீழ்வரை முழுசாகத் திறக்கும். ஈரமும் வெப்பமும் மிகுந்த பகுதிகளில் ஓர் அறையின் ஜன்னல் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொன்னது. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு இது 20 சதுர அடி. நான்குக்கு ஐந்து அடி ஜன்னல் வைத்தால் காகிதத்தில் கணக்குச் சரியாக வரும். ஸ்லைடிங் என்றால் உண்மையில் காற்று நுழையும் வழி 10 சதுர அடிதான். அதிலும் மறைப்புக்காகத் திரை தொங்கினால் மிச்சம் என்ன இருக்கும்? புதிதாகக் கட்டுகிறவர்கள் யூபிவிசியே போட்டாலும், குறைந்தது தெருப்பக்க ஜன்னலையாவது மேல் கீழ் என்று இரண்டாகப் பிரித்து, கீலில் திறக்கும் கதவாகக் கேட்டு வாங்குவது நல்லது. செய்து தருகிறார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

கதவை மாற்ற முடியாத வீட்டில் இதே பலனை ஒரு ஸ்பிரிங் கம்பி தரும். ஜன்னலின் நடுமட்டத்தில் இரண்டு பக்கமும் கொக்கி அடித்து, ஸ்பிரிங் கம்பியில் கோத்த அரைத்திரையை மாட்டிவிட்டால் கீழ்ப்பாதி மறையும், மேல்பாதி திறந்தே இருக்கும். ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாக இருந்த பழக்கம். தரைவரை தொங்கும் பெரிய திரைகள் வந்த பிறகு காணாமல் போனது. துணி மெல்லிய பருத்தியாக இருந்தால் காற்றும் ஊடுருவும். பழைய பருத்திப் புடவையே போதும். அரைத்திரையின் மேல்விளிம்பு தெருவில் நிற்பவரின் கண்மட்டத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி. சாலை உயர்ந்துவிட்ட வீடுகளில் அந்த விளிம்பை நடுமட்டத்துக்கும் மேலே ஏற்றவேண்டியிருக்கும்.

துளையுள்ள தடுப்புகளின் வேலை சற்று நுட்பமானது. கோயில் மண்டபங்களில் கருங்கல்லைக் குடைந்து செய்த பலகணிகளும், வீட்டு முகப்பின் மரக்கிராதியும், மாடிப்படிச் சுவரில் வைக்கும் சிமெண்ட் ஜாலியும் ஒரே குடும்பம். இவற்றில் துளையின் அகலத்தைவிட ஆழம்தான் முக்கியம். இரண்டு அங்குல அகலமும் நான்கு அங்குல ஆழமும் உள்ள துளை வழியாக, நேர்கோட்டிலிருந்து பக்கவாட்டில் சுமார் 26 டிகிரி வரைதான் பார்வை போகும். தெருவில் நடந்துபோகிறவர் ஜன்னலைப் பெரும்பாலும் சாய்வாகத்தான் பார்க்கிறார். அவருக்கு அது மூடிய சுவராகவே தெரியும். நேர் எதிரே வரும் அந்த ஓரிரு நொடியிலும் துண்டு துண்டாகத்தான் காட்சி கிடைக்கும். உள்ளே இருப்பவரோ துளைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனால் தெரு முழுவதையும் பார்க்கலாம். அருகில் இருப்பவருக்குத் திறப்பு, தூரத்தில் இருப்பவருக்குத் தடுப்பு என்ற இந்தப் பண்புதான் ஜாலியின் பலம். ஜெய்ப்பூரில் சவாய் பிரதாப் சிங் 1799இல் கட்டிய ஹவா மஹாலின் 953 சிறு ஜன்னல்கள் இந்த அடிப்படையில் அமைந்தவை: அரண்மனைப் பெண்கள் கடைத்தெரு ஊர்வலத்தைப் பார்த்தார்கள்; கடைத்தெரு அவர்களைப் பார்க்கவில்லை. கேரளத்தில் வாழ்ந்து கட்டிய லாரி பேக்கர் (1917–2007) அதே உத்தியைச் சாதாரணச் செங்கல்லுக்குக் கொண்டுவந்தார். சுவரைக் கட்டும்போதே செங்கற்களுக்கிடையே இடைவெளி விட்டு அடுக்கி, ஜன்னல் நிலை, கம்பி, கண்ணாடி எல்லாவற்றின் செலவையும் மிச்சப்படுத்தினார். அவர் வழியைப் பார்த்த எந்தக் கொத்தனாரும் இதைச் செய்துவிடுவார். கொசுவுக்கு உள்பக்கம் வலை அடிக்க வேண்டும், மழைச்சாரலுக்கு மேலே சன்ஷேடு நன்றாக நீண்டிருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனையோடு டெல்டாவுக்கும் இது பொருந்தும்.

சாய்ந்த பட்டைகள் கொண்ட கதவும் பிளைண்டும் கோணத்தை வைத்தே விளையாடுபவை. பட்டையின் வெளிவிளிம்பு மேலே, உள்விளிம்பு கீழே இருக்கும்படி திருப்பினால், கீழே தெருவிலிருந்து மேல்நோக்கி வரும் பார்வை தடைபடும். வானத்து வெளிச்சம் தடையில்லாமல் இறங்கும். எதிரே மாடி இருந்து, அங்கிருந்து யாராவது கீழ்நோக்கிப் பார்ப்பதுதான் தொல்லை என்றால் நேர்மாறாக, வெளிவிளிம்பைக் கீழே இறக்க வேண்டும். இந்த நிலையில் உள்ளேயிருந்து தோட்டமும் வாசலும் தெரியும், மழையும் வழிந்து வெளியே போகும். பழைய மரக்கதவுகளில் அசையாமல் பொருத்தப்பட்ட பட்டைகள் இப்படித்தான் இருக்கும். பலர் வாங்கிய பிளைண்டை ஒரே பக்கமாகத் திருப்பிவைத்துவிட்டு 'இருட்டாக இருக்கிறது' என்று குறைப்படுவதுண்டு. கயிற்றை மறுபக்கம் இழுத்துப் பார்த்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மூங்கில் தட்டியும் கோரைத் தட்டியும் இவற்றுக்கெல்லாம் மலிவான உறவு. குச்சிகளின் இடையே உள்ள நூலளவு இடைவெளிகள் வழியாகக் காற்று வரும்; வெயிலின் கூச்சம் குறையும்; உள்ளேயிருந்து தெரு மங்கலாகவேனும் தெரியும். திண்ணையின் வெளிவிளிம்பில் சுருட்டும்படி தொங்கவிட்டால் சுவருக்கும் தட்டிக்கும் நடுவே நிழலான இடைவெளி ஒன்று உருவாகி, ஜன்னல் இருட்டில் மறைகிறது. ஜன்னலோடு ஒட்டித் தொங்கவிடுவதைவிட இதில் பலன் அதிகம். கோடையில் வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்துக் குளிர்ச்சி தேடுவதுண்டு. ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்த கடலோர மாவட்டங்களில் அந்தக் குளிர்ச்சி அதிகம் கிடைக்காது. மறைப்புக்காக வைத்தால் போதும்.

கொசுவலை எப்படியும் தேவை என்பதால் அதன் நிறத்தை யோசித்துத் தேர்ந்தெடுக்கலாம். வெள்ளை வலையின் இழைகள் பகல் வெளிச்சத்தை வாங்கிப் பிரதிபலிக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு வெண்புகை மாதிரி இருக்கும், உள்ளே எதுவும் தெரியாது. அதே புகை உள்ளே இருப்பவரின் காட்சியையும் கொஞ்சம் மங்கவைக்கும். கறுப்பு அல்லது அடர்சாம்பல் வலையின் இழைகள் வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால் உள்ளேயிருந்து மரமும் தெருவும் வலையே இல்லாதது போலத் தெளிவாகத் தெரியும். மறைப்பு சற்றுக் குறைவு. தெருவை ஒட்டிய ஜன்னலுக்கு வெள்ளை, கொல்லைப்பக்கம் வயலைப் பார்க்கிற ஜன்னலுக்குக் கறுப்பு என்று போட்டால் இரண்டு பயனும் கிடைக்கும். மெல்லிய வெள்ளைத் திரைச்சீலைக்கும் இதே கணக்குதான்.

செடியும் கொடியும் மறைப்பாவதில் ஒரு நன்மை: வெளியே பார்த்தால் சுவருக்குப் பதிலாகப் பச்சை தெரியும். கிளுவை, பூவரசு, ஒதியன் போத்துகளை நட்டு வேலி போட்ட ஊர் இது. செம்பருத்தியும் நந்தியாவட்டையும் ஐந்தாறு அடி உயரத்தில் நிறுத்தி வெட்டிக்கொள்ளத் தோதானவை. ஜன்னலோடு ஒட்டி நட்டால் காற்றும் வெளிச்சமும் அடைபட்டு, ஈரமும் கொசுவும் சேரும். மூன்று நான்கு அடி தள்ளி, பார்ப்பவரின் கண்ணுக்கும் ஜன்னலுக்கும் இடையிலான கோட்டில் நட்டால் போதும். இடமில்லாத வீட்டில் ஜன்னல் கம்பியிலிருந்து ஓர் அடி தள்ளிக் கயிறு கட்டி முல்லையோ அவரையோ ஏற்றிவிடலாம்.

இதுவரை சொன்ன எல்லாமே ஜன்னல் திறந்திருக்கும்போது வேலை செய்பவை. கண்ணாடியை நம்பும் வழிகளுக்கு அந்தத் திறன் இல்லை. சொரசொரப்பாக்கிய கண்ணாடி, பூப்போட்ட கண்ணாடி, பிலிம் எதுவானாலும் கதவைத் திறந்த கணமே மறைப்பு போய்விடும். குளிர்நாடுகளில் ஜன்னல் வருடத்தில் பெரும்பகுதி மூடியே இருப்பதால் அங்கே இவை முதல் தேர்வு. சித்திரையில் காற்றுக்கு ஏங்கும் கீழ்வேளூரில் இவை இரண்டாவது தேர்வாகத்தான் இருக்க முடியும். ஏசி போட்ட அறை, குளியலறை, திறக்காத மேல்கண்ணாடி, கதவின் பக்கத்துக் கண்ணாடி ஆகியவற்றுக்குப் பொருத்தமானவை.

சொரசொரப்பான கண்ணாடியை அமிலத்தாலோ மணலை வேகமாக வீசியோ செய்கிறார்கள். மேற்பரப்பில் உண்டாகும் நுண்ணிய மேடுபள்ளங்கள் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கின்றன; வெளிச்சம் பெரிதாகக் குறையாது, உருவம் மட்டும் கலைந்துவிடும். இரவிலும் பகலிலும் ஒரே மாதிரி மறைக்கும் என்பது இதன் சிறப்பு. ஆனால் கண்ணாடியை ஒட்டி நிற்பவரின் உருவம் வெளியே கோட்டோவியம் போலத் தெரியும். சில அடி தள்ளிப் போனால் கரைந்துவிடும். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை: சொரசொரப்பான பக்கத்தில் தண்ணீர் பட்டால் பள்ளங்களை நீர் நிரப்பி மட்டமாக்கிவிடும், ஒளி சிதறுவது குறைந்து, கண்ணாடி ஓரளவு தெளிவாகிவிடும். குளியலறையில் தண்ணீர் தெறிக்கும் பக்கத்துக்கு வழவழப்பான முகத்தையும், தெறிக்காத பக்கத்துக்குச் சொரசொரப்பான முகத்தையும் வைக்க வேண்டியது இதனால்தான். சொரசொரப்பான முகத்தில் ஒட்டும் டேப்பை ஒட்டினாலும் அந்த இடம் மட்டும் தெளிவாகிவிடும். வெண்டிலேட்டரில் போடும் பின்ஹெட் கண்ணாடிக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் புடைப்புகள் பெரியவை, நீர்த்துளியில் மறைந்துவிடாது.

ஒட்டும் பிலிம் வாடகை வீட்டுக்காரர்களுக்கு வசதி. பால்நிறப் பிலிமைக் கண்ணாடி முழுக்க ஒட்டாமல் தேவையான பட்டைக்கு மட்டும் ஒட்டினால் காட்சி பிழைக்கும். தரைத்தள வீட்டில் கீழ்ப்பாதிக்கு ஒட்டி மேலே வானத்துக்கு விடலாம். எதிர்மாடி உள்ள வீட்டில் நடுப்பட்டைக்கு மட்டும் ஒட்டி, கீழே தெருவையும் மேலே ஆகாயத்தையும் திறந்து வைக்கலாம். உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து நான்கடி அளவில் இருக்கும் என்பதை நினைவில் வைத்துப் பட்டையின் உயரத்தை முடிவு செய்ய வேண்டும்.

மின்னும் பிலிம் வாங்குவோர் அதன் ஒளிவிடும் அளவைக் கேட்டு வாங்க வேண்டும். 20 என்றால் நூறு பங்கு வெளிச்சத்தில் இருபது பங்குதான் உள்ளே வரும். மேற்கு வெயில் வாட்டும் ஜன்னலுக்கு அது நல்லது, வடக்கு ஜன்னலுக்கு ஒட்டினால் அறை நாள் முழுக்க மசமசவென்று இருக்கும். கறுப்புப் பிலிம் வெப்பத்தை விழுங்கிக் கண்ணாடியையே சூடாக்கும். பாதி நிழலும் பாதி வெயிலுமாக இருக்கும் கண்ணாடி இதனால் விரிசல் விடக்கூடும். கார்க் கண்ணாடியில் பிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் தடைசெய்ததை வைத்து வீட்டு ஜன்னலுக்கும் தடை என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தத் தீர்ப்பு வாகனங்களுக்கு மட்டும்தான். மின்சாரம் பாய்ந்தால் தெளிவாகவும் நிறுத்தினால் பால்போலவும் மாறும் கண்ணாடியும் சந்தையில் உண்டு. நீர்மப் படிகத் துளிகளால் வேலை செய்வது அது. மின்வெட்டின்போது தானாகவே மறைத்துக்கொள்ளும் என்றாலும் சாதாரண வீட்டுச் செலவுக்குள் அடங்காது.

இரவுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். பகலுக்கு வெள்ளை மெல்லிய திரை, இரவுக்கு அதற்குப் பின்னால் இழுத்துவிட ஒரு கனத்த திரை என்று இரட்டைக் கம்பி போடுவது வழக்கம். அதில் குறை எதுவும் இல்லை. காற்றும் வேண்டும் என்பவர்களுக்கு, மேல்கதவைத் திறந்து கீழ்ப்பாதியை மட்டும் கனத்த திரையால் மூடுவதே சிறந்தது. விளக்கின் இடத்தையும் மாற்றிப் பார்க்கலாம். அறையின் பின்சுவரில் விளக்கு எரிந்தால் நடுவில் நடமாடுபவரின் நிழல் திரையில் பெரிதாக விழும். தெருவுக்கு அது பொம்மலாட்டம். ஜன்னல் இருக்கும் சுவரிலேயே, ஜன்னலுக்கு மேலே டியூப்லைட்டைப் பொருத்தினால் நிழல் பின்சுவரில்தான் விழும். வாசல் விளக்கைப் போட்டுவைத்தால் வெள்ளை வலையின் வெளிமுகம் கொஞ்சம் ஒளிர்ந்து உள்ளே பார்ப்பதைச் சிரமமாக்கும். எதைச் செய்தாலும் வீட்டில் ஒருவரை உள்ளே நிறுத்திவிட்டு, உச்சிவெயிலில் ஒருமுறையும் விளக்கு போட்ட பிறகு ஒருமுறையும் தெருவிலிருந்து பார்த்துவிட வேண்டும்.

மறைப்பு நம் வீட்டு ஜன்னலோடு முடிகிற விஷயமில்லை. பக்கத்து வீட்டார் புதிதாக ஜன்னல் திறக்கும்போதும் பிரச்சினை வரும். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் அந்த ஆண்டு ஜூலை 1 அன்று முதன்முதலாக நடைமுறைக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. அதன் 18ஆம் பிரிவு இப்படியொரு உதாரணம் தருகிறது: ஓர் ஊரின் வழக்கப்படி, பக்கத்து வீட்டின் மறைவான பகுதிகளைப் பார்க்கும்படி புது ஜன்னல் திறக்கக்கூடாது என்றிருந்தால், அந்த வழக்கம் உரிமையாகிவிடும். வடக்கே அலகாபாத் உயர் நீதிமன்றம் 1888இல் அத்தகைய வழக்கத்தை ஏற்றுக்கொண்டது. சென்னை உயர் நீதிமன்றம் அதே நூற்றாண்டில் வேறு பாதையில் போனது: தம் சுவரில் ஜன்னல் திறப்பவரை, மறைவு கெடுகிறது என்ற காரணத்தை மட்டும் வைத்துத் தடுக்க முடியாது, குறைப்படுகிறவர் தம் நிலத்தில் தடுப்பு எழுப்பிக்கொள்ளலாம். ஜன்னல் வழியாக ஒளிந்து பார்ப்பது வேறு விஷயம். தனிமையை எதிர்பார்க்கும் இடத்தில் அந்தரங்கச் செயலில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பதோ படமெடுப்பதோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி குற்றம்.

தடுப்புச் சுவர் எழுப்புவதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஒரு கட்டடத்தின் ஜன்னல் வழியாக 20 ஆண்டுகள் இடையறாமல், தடையில்லாமல், உரிமையோடு வெளிச்சமும் காற்றும் வந்திருந்தால் அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு அதை உரிமையாக்கிவிடுகிறது. பக்கத்து வீட்டின் பழைய ஜன்னலுக்கு எதிரே முழுச்சுவரை எழுப்பி அவர் அறையை இருட்டாக்கினால் வழக்கு வரலாம். அந்த இடத்தில் ஆழமான துளைகள் கொண்ட ஜாலிச் சுவரை, ஜன்னலிலிருந்து சில அடி தள்ளி எழுப்பினால் அவருக்கு வெளிச்சமும் காற்றும் கிடைத்துக்கொண்டே இருக்கும். சாய்வாக வரும் பார்வை மட்டும் நின்றுவிடும். துளைகளை எந்தக் கோணத்தில் வைப்பது என்று கட்டுவதற்கு முன்பே இரண்டு வீட்டாரும் சேர்ந்து நின்று பார்த்துக்கொள்வது நல்லது.